தம்பியின் பேசும் கார்டு

திங்கள், ஜூன் 9

விடியும் முன்பே மழை. கிள்ளிப்பாலத்தில் முட்டளவு தண்ணீர். ஆபீஸுக்கு லேட். குடை கம்பி ஒடிந்தது, வேறு வாங்க வேண்டும்.

சாயந்திரம் கூரியர். சர்க்யூட் போர்டுகள் வந்துவிட்டன! பச்சை நிறம், ஓரம் சுத்தமாக வெட்டியிருக்கிறார்கள். பெட்டியைத் தம்பி முருகேசன்தான் பிரித்தான், என்னைத் தொட விடவில்லை. நாற்பத்தேழு வயது, பேங்க் ஆபீசர். பார்சல் என்றால் மட்டும் இன்னும் மூன்றாம் வகுப்பு. ஒவ்வொரு போர்டாக எடுத்து ஓரத்தை விரலால் தடவி, மோந்து வேறு பார்த்தான்.

"புது போர்டுக்கு ஒரு மணம் உண்டு, கேட்டியா அக்கா."

"சீக்கிரம் மோந்து முடி. எனக்கு அடுப்புல சோறு கெடக்கு."

மு.வுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. ரப்பர் பட்டன் வைத்த அந்த எட்டு பிட் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த நாள் முதல் ஒரே ஏற்பாடுதான். அவன் டைப் அடிப்பான், டிவியில் விழுவதை நான் வாசித்துச் சொல்வேன். இப்போது அவனுடைய லாப்டாப் பேசுகிறது, போன் பேசுகிறது. அந்தப் பழையது மட்டும் ஊமை. ஏன் அதைக் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று கேட்டால், "லாப்டாப் என்கிட்ட கேட்டுட்டா அப்டேட் ஆகுது? இது நான் சொன்னத மட்டும் செய்யும்" என்பான்.

இந்தக் கார்டு அதற்காக. கம்ப்யூட்டரின் பின்னால் சொருகிவிட்டால், திரையில் விழுகிற எழுத்தையெல்லாம் ஒரு சின்ன ஸ்பீக்கரில் சொல்லும். போர்டு வரைந்தது நான், ஆபீசிலும் அதுதான் பிழைப்பு. உள்ளே ஓடும் ப்ரோக்ராம் மு.வுடையது.

ஞாயிற்றுக்கிழமை பழைய கம்ப்யூட்டர் கூட்டம், வஞ்சியூரில். போன வருஷம் நானும் மு.வும் போனோம். வந்திருந்த ஒரு பெரிய மனுஷர், மு. எதிரிலேயே உட்கார்ந்திருக்க, என்னைப் பார்த்து "புள்ளிக்கு எந்தா அறியேண்டது?" என்றார். இவனுக்கு என்ன தெரிய வேண்டுமாம், என்னிடம் கேட்கிறார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது மு. சொன்னான்: "இனி தனியாப் போறதுன்னா போவேன். இல்லேன்னா போகல்ல."

ஆகவே கார்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் பேசியாக வேண்டும். பேசும்.

செவ்வாய், ஜூன் 10

மழை விட்டு விட்டு. பால்காரர் வரவில்லை. கட்டன் சாயா.

ஆபீஸ் முடிந்து வந்ததும் பற்றவைப்பு. சிப், கப்பாசிட்டர், கடைசியில் கனெக்டர். கனெக்டர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது, கையில் இருப்பதே இரண்டு. ஒன்றை வைத்துப் பற்றவைத்தேன். ஈயம் நன்றாக உட்கார்ந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. மீட்டரில் பீப் கேட்காமல் எதையும் சொருகக் கூடாது. மு. ஒவ்வொரு இணைப்பாக மனப்பாடமாகச் சொல்வான். நான் மீட்டர் முனைகளை அந்த இரண்டு இடத்திலும் வைப்பேன். பீப் வந்தால் இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரியும்.

"அஞ்சு வோல்ட்."

பீப் இல்லை.

"கிரவுண்ட்."

இல்லை.

"மீட்டர்ல பேட்டரி உண்டாக்கா?"

முனைகளை ஒன்றோடொன்று தொட்டேன். பீப். பேட்டரி இருக்கிறது. சும்மா ஒரு சந்தேகத்தில் கனெக்டரின் மறு ஓரத்தில் வைத்தேன். அங்கே பீப். அஞ்சு வோல்ட் அங்கே. எல்லாமே அங்கே. வலது இடதாகவும் இடது வலதாகவும் கிடக்கிறது முழு கனெக்டரும்.

சொருகியிருந்தால் கம்ப்யூட்டரின் கதை முடிந்திருக்கும். அதற்கு மாற்று கிடையாது.

மு.வுக்கு என் மூச்சிலேயே தெரிந்திருக்கும். இரண்டு பேரும் ஆறின சோறு தின்றோம்.

புதன், ஜூன் 11

மழை இல்லை, புழுக்கம். தூக்கம் சரியில்லை.

எப்படி நடந்தது என்று காலையில் பல் தேய்க்கும்போதே புரிந்துவிட்டது. பிரஷ்ஷோடு அப்படியே நின்றேன்.

போர்டுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன் படத்தை அசல் அளவில் தாளில் எடுத்து, துளை வரும் இடமெல்லாம் தையல் ஊசியால் குத்துவேன். தாளைத் திருப்பினால் மறுபக்கத்தில் புள்ளிகள் மேடாக நிற்கும். மு. அதைத் தடவிப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் ஆர்டர். தாளைத் திருப்பும்போது இடம் வலமாகிவிடும். அதனால் பிரிண்டையே இடவலம் மாற்றி எடுத்துத்தான் குத்த வேண்டும். எப்போதும் அப்படித்தான். இந்தத் தடவை மாற்றாமல் எடுத்துவிட்டேன். ஆபீசில் ஏதோ மீட்டிங்குக்கு நடுவில் எடுத்த பிரிண்ட்.

மு. தடவினான். "அக்கா, அஞ்சு வோல்ட் அந்த ஓரத்துலல்லா வரணும்?" என்றான். நான் உடனே படத்தில் கனெக்டரைத் திருப்பிப் போட்டேன். சரியாக இருந்ததை உட்கார்ந்து தப்பாக்கி ஆர்டர் கொடுத்திருக்கிறேன். இரண்டு கண்ணையும் வைத்துக்கொண்டு திரையைப் பார்க்கவில்லை.

அவனிடம் சொன்னேன்.

"அப்பம் என் விரல் சரி."

"உன் விரல் சரிதான்லே. தாள்தான் தப்பு."

"அது போதும்" என்றான். சிரித்தான், பாவி.

பிறகு, "விடுக்கா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றான். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. குரலில் கோபம் இருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவன் ஏற்கெனவே போகவேண்டாம் என்று தீர்மானித்துவிட்ட குரல் அது.

விட மாட்டேன். புது போர்டு வர ஞாயிறு தாண்டிவிடும். அப்படியானால் இதே போர்டுதான்.

யோசனை, பஸ்ஸில் வந்தது: கனெக்டரை போர்டின் மறுபக்கத்திலிருந்து பற்றவைத்தால்? இடவலம் மறுபடி மாறும். இரண்டு தப்பு சேர்ந்து சரியாகும். ஆனால் வெளிப்பக்கம் பார்க்க வேண்டிய சிப், குமிழ் எல்லாம் கம்ப்யூட்டரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கும். இடிக்கும்.

இடிப்பவை: உயரமான கப்பாசிட்டர், வால்யூம் குமிழ், ஸ்பீக்கர், கனெக்டர் ஓரத்து ரெசிஸ்டர்.

நாளை லீவு சொல்லியாச்சு. "என்ன விசேஷம் மேடம்?" "வீட்டுல ஒரு வேலை." பொய் இல்லை.

வியாழன், ஜூன் 12

காலை சாலைக் கடைத்தெரு. வாங்கினது: மெல்லிய ஒயர், சின்ன குமிழ், ஈயம், குடை, முருங்கைக்காய். எலெக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் குமிழை எடுத்துத் தந்துவிட்டு, "சேச்சி, இதெல்லாம் இப்போ ஆரு வாங்குந்நு?" என்றார். "நான் வாங்குந்நு" என்றேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். வந்ததில் இன்னொரு போர்டு, மிச்சமிருந்த ஒரே கனெக்டர். இது போனால் போனதுதான். வைப்பதற்கு முன் மு.வைக் கூப்பிட்டேன், அரை நாள் லீவு போட்டு வந்திருந்தான். பற்றவைக்காமல் சும்மா துளையில் நிறுத்தி அவன் கையில் கொடுத்தேன். தாள் இல்லை, ஊசி இல்லை, அசல் சாமான். அவன் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தையும் கார்டையும் மாறி மாறித் தடவினான். அவசரப்படவே இல்லை.

"இது சரி. பத்தவை."

பாதியில் கரண்ட் போயிற்று. சூடுகோல் ஆறிவிட்டது. இரண்டு பேரும் முருங்கைக்காய் நறுக்கினோம். கரண்ட் வந்தது. மீதிப் பாதி.

கப்பாசிட்டரைப் படுக்கவைத்தேன். ரெசிஸ்டரைப் பின்பக்கம் போட்டேன். குமிழும் ஸ்பீக்கரும் ஒயரில் வெளியே. பார்க்க லட்சணம் இல்லை. போர்டில் நான் அழகாக அச்சடித்த எழுத்தெல்லாம் உள்பக்கம் போய் ஒளிந்துவிட்டது. ஆபீசில் யாராவது இப்படிச் செய்து கொண்டுவந்தால் கிழித்திருப்பேன்.

"அஞ்சு வோல்ட்." பீப். "கிரவுண்ட்." பீப். அவன் சொல்லச் சொல்ல பீப், பீப், பீப். கடைசி இணைப்பு வரை வந்ததும் மு. என் கையைப் பிடித்துக்கொண்டான்.

சொருகுவது நாளை. இன்றைக்கு இரண்டு பேருக்கும் தெம்பில்லை.

வெள்ளி, ஜூன் 13

வெயில்! துணி காய்ந்தது.

சாயந்திரம் சொருகினோம். மு. சொருகினான். சுவிட்ச் போட்டேன். ஒன்றும் இல்லை. பிறகு கர் என்று ஒரு சத்தம், பிறகு பேசியது. ஆண் குரல், மூக்கடைத்த மாதிரி.

"எவன்லே இது! ஜலதோஷம் புடிச்ச போலீஸ்காரனாட்டு பேசுகான்" என்று மு. சிரித்தான். நானும். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, இரண்டு பேருக்கும்.

அவன் டைப் அடிக்க ஆரம்பித்தான். கார்டு ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னது. நானும் சொன்னேன். நான் சொல்வது எனக்கே தெரியவில்லை, பழக்கம். டிவியில் எழுத்து விழுந்தால் என் வாய் தானாகத் திறக்கும். கொஞ்ச நேரம் பொறுத்தான்.

"அக்கா, ரெண்டு பேரும் சேந்து சொன்னா எனக்கு ஒண்ணும் கேக்கல்ல. நீ கொஞ்சம் சும்மா இரு."

இருந்தேன். வலித்தது. ஒளிக்க என்ன இருக்கிறது, இது என் டைரி. நானே வரைந்து நானே பற்றவைத்த ஒரு கார்டின் மேல் பொறாமை. அடுக்களைக்குப் போய் தேவையே இல்லாமல் பாத்திரம் தேய்த்தேன். அங்கே அந்தப் போலீஸ்காரன் பேசிக்கொண்டே இருந்தான். மு. அவனுக்குப் பதில் வேறு சொன்னான்.

சனி, ஜூன் 14

இரண்டாம் சனி, மு.வுக்கு லீவு. காலை முழுக்க கார்டோடுதான். கமா வரும் இடத்தில் கார்டு மூச்சு விடாமல் ஓடுகிறதாம். ப்ரோக்ராமைத் திருத்தினான். என்னைக் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. (இரண்டு தடவை வாசல்வரை போனேன்.)

கூட்டம் நடத்துகிற சுனில் போன் செய்தார். மு.வுக்கு மேஜை ஒதுக்கியாச்சாம். "சேச்சியும் வருந்நுண்டல்லோ?"

"இல்லை. அவன் மட்டும்."

"அப்போ ஸ்கிரீன் ஆரு வாயிக்கும்?"

யார் வாசிப்பதாம்! "வந்து பாருங்க" என்றேன். கொஞ்சம் காரமாகத்தான் சொன்னேன்.

மு. பையில் எல்லாவற்றையும் எடுத்துவைத்துப் பழகினான். கார்டைக் கழற்றினான், சொருகினான், கழற்றினான், சொருகினான். உதவிக்குப் போகாமல் இருக்க நான் அரிசியில் கல் பொறுக்கினேன். இப்போதெல்லாம் அரிசியில் கல்லே வருவதில்லை.

ஞாயிறு, ஜூன் 15

வானம் மூடாக்கு, மழை இல்லை.

ஆட்டோவில் போனான். தனியாக. பையை மடியில் வைத்துக்கொண்டான். திரும்பிக் கையசைத்தான், நான் நிற்பேன் என்று தெரியும்.

உள்ளே வந்தால் மேஜைமேல் டிவி கேபிள். அழகாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறது. அது இல்லாமல் கூட்டம் நடக்கும் ஹாலில் இருக்கும் டிவியில் ஒன்றும் தெரியாது. செருப்பை மாட்டிக்கொண்டே போன் அடித்தேன்.

"எலே, கேபிள மறந்துட்டுப் போயிட்டே!"

"மறக்கல்லக்கா. நாந்தான் சுத்தி வச்சேன்."

"டிவி கறுப்பா நிக்குமே. ஆளுக எப்படிப் பாப்பாங்க?"

"பாக்காண்டாம். கேக்கட்டும். நான் இத்தன காலம் அப்படித்தானே. அவங்களுக்கு அர மணிக்கூர் கேட்டா என்ன கொறஞ்சு போச்சு?"

பிறகு அவனே சொன்னான்: "வாறதானா வா. பின்னால இரு. சொல்லிக்குடுக்காண்டாம், அம்புட்டுதான்."

கேபிளை அலமாரியில் வைத்துவிட்டுப் போனேன். கடைசி வரிசை. டிவி கறுப்பு. முதலில் ஒரே சலசலப்பு. ஒருவர் எழுந்துபோய் டிவியின் ஒயரை ஆட்டிப் பார்த்தார். "அதுக்கு இன்னிக்கு லீவாக்கும்" என்றான் மு. சிரித்தார்கள். அதற்குப் பிறகு மின்விசிறிச் சத்தமும் அந்த மூக்கடைத்த குரலும்தான். முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

சின்ன ப்ரோக்ராம் ஒன்று எழுதினான். ஓடவிட்டான். கார்டு, பிழை என்று சொன்னது. ஹாலில் ஒருவரும் அசையவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது: மூன்றாவது வரி, கடைசியில் மேற்கோள் குறி இல்லை. நாக்கு நுனிவரை வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். மு. அந்த வரியை மறுபடி சொல்லச் சொன்னான். தலையைச் சாய்த்துக் கேட்டான். இன்னொரு தடவை கேட்டான்.

பக்கத்து நாற்காலிக்காரர் என் பக்கம் குனிந்து, "எந்தா பறஞ்ஞது?" என்றார். கார்டு என்ன சொன்னதாம்.

"கேளுங்க" என்றேன்.