பால்கனியில் ஒரு பச்சைமலைக் கல்

என் கல்லுளிமங்கிக்கு,

சேலம் கேம்ப்ல டவர் கிடைக்காதுன்னு சொன்னியே, அதான் லேட்டா கிளம்புற உன் தோழிகிட்ட முறுக்கோட இதையும் கொடுத்து விடறேன். முறுக்கை எல்லாருக்கும் கொடு. லெட்டரை யாருக்கும் காட்டாதே.

ஸ்ரீரங்கத்துல நல்ல வெயில். ஆனா ஜியாலஜி சேர்ந்ததுலேருந்து நீ கொண்டு வந்து குவிச்ச கல்லால பால்கனியில துணி காயப்போட இடமில்லை. தூக்கிப் போடலாம்னா அப்பா, "கிடக்கட்டும் விடு"ங்கிறார். உன்னைப் பத்தி ஒண்ணும் கேக்கலை. சேலம் பக்கம் மழை உண்டான்னு மட்டும் தினம் டிவியில பார்க்கிறார்.

ஞாபகம் இருக்கா, பச்சைமலைக் கல்லை நீ நாக்கால நக்கி, "ஈரமானாத்தான்பா உள்ளே இருக்கிற மணியெல்லாம் தெரியும்"னு அவர்கிட்ட நீட்டினது? "இன்ஜினியரிங் சீட்டை விட்டுட்டு கல்லை நக்கவா சேர்ந்தே?"ன்னார். அதுக்கு மேலே உங்க ரெண்டு பேருக்கும் நடந்த சண்டை இப்ப எதுக்கு?

இன்னைக்குக் காலையில காபி எடுத்துக்கிட்டு பால்கனிக்குப் போறேன், மனுஷர் அதே கல்லை நக்கிக்கிட்டிருக்கார்! என்னைப் பார்த்ததும், "தூசி துடைக்கிறேன்"னார். நாக்காலயா? நான் சிரிச்ச சிரிப்புல காபி பூரா தரையில.

அப்புறம் மெதுவா, "இதுல கறுப்பா மினுங்குதே, அது என்னன்னு அவளைக் கேட்டு எழுது"ன்னார். நான் எதுக்குக் கேக்கணும்? பேனாவை அவர் கையில கொடுத்துட்டேன். கீழே இடம் விட்டிருக்கேன்.

அம்மா

கொள்ளிடக் கரையில நானும் ஒரு கல் எடுத்து வச்சிருக்கேன். நக்கியும் பார்த்துட்டேன், ஒண்ணும் புரியலை. நீ வந்து சொல்லும்மா.

அப்பா