முட்டைக்கு மூக்கில்லை

அன்பு மகள் ஹனாதிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளை ஸுஹைரும் அந்தக் கனடாக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க அல்லாஹ் கிருபை செய்யட்டும். இங்கே உன் உம்மா சுகம், தக்காளி இந்த வருஷம் முந்திப் பழுத்துவிட்டது, வெயில் இன்னும் தணியவில்லை. நானும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லிவிடலாம் என்று நாலைந்து தடவை கூப்பிட்டேன், உன் குரலைக் கேட்டதும் தக்காளியைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் மாமியார் முழங்கால் வலிக்குச் சாக்கடலில் குளித்தால் நல்லது என்று இர்பிதிலிருந்து நம் வீட்டுக்கு வந்தார்கள் அல்லவா, அப்போதே நீ, அவங்களுக்குத் தண்ணின்னாலே பயம், பக்கத்திலேயே இருங்க வாப்பா என்று சொன்னாய். நான் சிரித்தேன். கரையில் நாற்காலி போட்டு டீ விற்கிறவன், வருகிறவர்களையெல்லாம் அந்தத் தண்ணீரில் படுக்க வைத்துப் பழகியவன், எனக்கு அது ஒரு பயமாகவே படவில்லை. நான் கனத்த உடம்பு அண்ணே, கல்லு மாதிரி உள்ள போயிடுவேன் என்று அவர்கள் கரையிலேயே நின்றுவிட்டார்கள். உடனே நான் ஒரு பச்சை முட்டையைக் கொண்டுவந்து வித்தை காட்டினேன். குடிக்கிற தண்ணீரில் போட்டேன், அடியில் போய் உட்கார்ந்தது. அதையே எடுத்துக் கடல் தண்ணீரில் போட்டேன், முதுகு வெளியே தெரிய மிதந்தது. முட்டை அதே முட்டைதான் சம்பந்தியம்மா, இந்தத் தண்ணிதான் கனம், அவ்வளவு உப்பு கரைஞ்சு கெடக்கு, தன்னைவிட லேசானதை இது உள்ளே விடாது, உங்க உடம்பும் இதைவிட லேசுதான், நீங்களா நெனச்சாலும் மூழ்க முடியாது என்று பெரிய வாத்தியார் மாதிரி பேசினேன். அவர்கள் என்னை நம்பி இறங்கினார்கள்.

நான் சொன்னதில் பொய் இல்லை, ஆனால் பாதியைத்தான் சொன்னேன். மற்றத் தண்ணீரில் தடுமாறினால் கால் கீழே போய்த் தரையைத் தேடும். இங்கே கால்தான் முதலில் மேலே வரும். குப்புறப் புரண்டுவிட்டால் இடுப்பளவுத் தண்ணீரில்கூட ஊன்றி எழ முடியாது, முழங்காலை வயிற்றோடு இழுத்து, பின்னால் சாய்ந்து உட்காருகிற மாதிரி எழ வேண்டும். இதை இறங்குகிற எல்லாரிடமும் சொல்லுவேன். அன்றைக்கு ஒரு கூட்டம் வந்து டீ கேட்டது, உன் உம்மா துணி மாற்றப் போயிருந்தாள், நான் உன் மாமியாரிடம் இதைச் சொல்லாமலே அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். முக்காடு நழுவி மிதந்து போக, அதை எட்டிப் பிடிக்கத் திரும்பியிருக்கிறார்கள். நான் டீ ஆற்றிக்கொண்டே பார்த்தேன் மகளே. பார்த்துவிட்டு, எங்க சம்பந்தியம்மாவுக்குப் பயம் தெளிஞ்சிருச்சு, எவ்வளவு ஜோரா மிதக்கிறாங்க பாருங்க என்று டீ வாங்க நின்றவரிடம் பெருமையாகச் சொன்னேன். உன் உம்மாதான் வெளியே வந்த வேகத்தில், ஏங்க, அவங்க முகம் எங்க என்று கத்தினாள். ஓடிப்போய்ப் புரட்டினோம். உதடு நீலமாக இருந்தது. ஆம்புலன்சில் நான், மூழ்கவே முடியாதே, முட்டைகூட மிதந்துச்சே என்று உளறினேனாம். முட்டைக்கு மூக்கு இருக்கா என்று கேட்ட உன் உம்மா அதற்கப்புறம் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

விழுங்கிய தண்ணீரின் உப்பு இரத்தத்தில் ஏறி, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இதயமே நின்றிருக்கும் என்றார் டாக்டர். மெஷின் வைத்து இரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார்கள், மூச்சு மட்டும் படியேறினால் வாங்குகிறது. எனக்குத் தூக்கம் போனது அதற்குப் பிறகு நடந்ததால்தான். ஸுஹைர் ஆஸ்பத்திரிக்குப் பேசியபோது, நான்தான்டா சொல்பேச்சு கேக்காம போனேன், அண்ணன் வேணாம் வேணாம்னு தடுத்தாரு என்று உன் மாமியார் சொல்லிவிட்டார்கள். கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். இல்லை மாப்பிள்ளை என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. போனை என்னிடம் கொடுத்தபோது, எங்க உம்மாவைக் காப்பாத்துனீங்களே மாமா என்று அவர் அழுதார். அதையும் வாங்கிக்கொண்டேன். பிறகு தனியே ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, எம் மருமக அவ வாப்பாவைப் பத்திப் பேசும்போது தலை நிமிந்து பேசுவா அண்ணே, அது அப்படியே இருக்கட்டும் என்றார்கள்.

அது அப்படியே இருக்க வேண்டாம். இந்தக் கடிதத்தை ஸுஹைருக்கு ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டு. அவர் கோபப்பட்டால் எனக்காகப் பரிந்து பேசாதே, அவர் உம்மா விஷயத்தில் அவருக்கு உரிமை உண்டு. நீயும் கோபப்படு. அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும் ஒற்றுமையையும் கொடுப்பானாக. மாமியாருக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் போன் பண்ணு, படியேறி வந்த மூச்சா, உட்கார்ந்திருக்கும் மூச்சா என்று காதால் கவனி.

தலை குனிந்து துஆ செய்யும் உன் வாப்பா,
முஃப்லிஹ்