திமிங்கிலம் வந்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் கை கால் சுகத்தோடு கரை சேர்ந்துவிட்டோம். முதலில் இதைப் படித்து ஒரு மூச்சு விடு. மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

துறைமுகத் தபால் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். தரை இன்னும் ஆடுகிறது. ஸ்டாம்ப் கொடுத்த பெண், நான் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். கடலில் ஒரு தடவைகூட வாந்தி எடுக்காதவள் கரைக்கு வந்து தள்ளாடுகிறேன். உன் அப்பாவுக்கு ஒரே சிரிப்பு.

ஓய்வு பெற்றால் மனிதர்கள் தோட்டம் போடுவார்கள், இவர் பழைய பாய்மரப் படகை வாங்கியிருக்கிறாரே என்று நீ எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டாய். கிளம்பும் அன்று படகுத்துறையில் என் காதில் சொன்னதையும் நான் மறக்கவில்லை. “அப்பா முழிச்சிருப்பார்னு நம்பி நீ தூங்கிடாதேம்மா” என்றாய். சொல்ல உனக்கு உரிமை உண்டு. விபத்து நடந்த அன்று காரின் பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவள் நீ. ஓட்டிக்கொண்டிருந்த அவரும் கண் அசந்துவிட்டார். உன் இடது கால் இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. அதற்குப் பிறகு அவர் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை, நீயும் தொடச் சொல்லவில்லை.

இரண்டே பேர் போகும் படகில் ஒருவர் காவல் இருந்தால்தான் மற்றவர் படுக்க முடியும். ரத்தப் பரிசோதனைக் கூடத்திலேயே காலம் தள்ளியவள் நான், கண்ணால் பார்க்காததை நம்பிப் பழக்கமில்லை. என் முறை வந்து படுத்தாலும் ஒரு கண் படிக்கட்டின் மேல்தான். மேலே அவர் இருமும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்கவில்லை என்றால் எழுந்து ஓடுவேன். ஒவ்வொரு முறையும் சுக்கானைப் பிடித்தபடி கொட்டக் கொட்ட விழித்திருப்பார். தண்ணீர் குடிக்க வந்தாயா என்பார். ஆமாம் என்பேன். அவ்வளவு தண்ணீர் நான் வாழ்நாளில் குடித்ததில்லை.

வழியில் பார்த்ததையெல்லாம் சொன்னால் கதை விடுகிறேன் என்பாய். விடிந்து பார்த்தால் தளத்தில் பறக்கும் மீன்கள் சிறகோடு கிடக்கும். இருட்டினால் படகு கிழித்துக்கொண்டு போகும் தண்ணீர் பச்சையாக மின்னும். கரையே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு சின்னப் பறவை எங்கிருந்தோ வந்து, நான் உலர்த்தியிருந்த துணிமேல் உட்கார்ந்து, ஒரு பகல் முழுக்க ஓசியில் பயணம் செய்தது. போகும்போது அப்பாவின் துண்டில் கட்டணம் வைத்துவிட்டுப் போனது. புதிதாக எது வந்தாலும் என்னை எழுப்ப வேண்டும் என்று அவரிடம் சத்தியமே வாங்கியிருந்தேன்.

பிறகு ஒரு மத்தியானம் காற்று விழுந்துவிட்டது. பாய் துவண்டு தொங்கியது. கடல் எண்ணெய் ஊற்றி வைத்த மாதிரி அசையாமல் கிடந்தது. கயிறு முனகும் சத்தம்கூட இல்லை. சும்மா முதுகைச் சாய்க்கலாம் என்று கீழே போனவள், கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பதறியடித்து மேலே வந்தால், அப்பா தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருக்கிறார். சட்டையெல்லாம் அழுகிய மீன் நாற்றம். படகை ஒட்டி ஒரு திமிங்கிலம் எழுந்து, அவர்மேலேயே மூச்சு விட்டு, குட்டியோடு வெகுநேரம் கிடந்துவிட்டுப் போனதாம்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆயுளில் ஒருமுறை கிடைப்பதைக் காட்டாமல் விட்டீர்களே, சத்தியம் என்ன ஆயிற்று என்று பிடித்துக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “நான் இருக்கேன்னு நம்பித் தூங்கினே. எழுப்ப மனசு வரல.”

திமிங்கிலத்தை நான் பார்க்கவே இல்லை. ஆனால் அன்றிலிருந்து கரை வரும்வரை, என் முறை வந்தபோதெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன். எத்தனை அலசியும் அந்தச் சட்டையில் நாற்றம் போகவில்லை. அதைத் தூக்கிப் போடவும் அவர் விடவில்லை.

காற்று நல்லபடியாக இருந்தால் இங்கிருந்து கிளம்பி அடுத்த மாதக் கடைசியில் நம் துறைக்குத் திரும்பிவிடுவோம். நீ காரைக் கொண்டு வருவாய். அப்பா வேண்டிய மட்டும் தூங்கி எழட்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். பிறகு சாவியை அவர் கையில் கொடு. நான் முன்னால் உட்காருகிறேன். நீ பின்னால் காலை நீட்டிக்கொள். கண் சொக்கினால் சொக்கட்டும் கண்ணே. வழியில் என்ன அதிசயம் வந்தாலும் உன்னை எழுப்ப மாட்டோம்.

நீ நிம்மதியாக இருக்க வேண்டும் என்பதையே வேண்டிக்கொண்டிருக்கும்,
அம்மா