ஒன்பதாம் வரிசைத் தக்காளி

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? சாப்பாட்டுக்குப் பிறகே மாத்திரை போடுங்கள். குட்டி ‘அம்மா எங்கே’ என்று அடம் பிடிக்காமல் பள்ளிக்குப் போகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன் இங்கே ஒரு சின்னக் கூத்து. பசுமைக்குடிலில் புதிய தக்காளி ரகங்களை வரிசைக்கு ஒன்றாக வளர்த்துச் சோதிக்கிறோம் அல்லவா? ஒரு மதியம் மின்விசிறிகள் எல்லாம் நின்றுவிட்டன. உள்ளே அடுப்புக்குள் நிற்பது போலச் சூடு. ஏணியில் ஏறிக் கூரை ஜன்னல்களைக் கையாலேயே திறந்தேன். இறங்கும்போது லேசாகத் தலை சுற்றியது. முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். பயப்படாதீர்கள்.

அந்தச் சூட்டில் எல்லா வரிசையிலும் பூ கொட்டிவிட்டது. ஒன்பதாம் வரிசையில் மட்டும் பூவெல்லாம் பிஞ்சாகிவிட்டது! காய் சிறியது என்று மேலதிகாரி பிடுங்கச் சொன்ன ரகம் அது. எனக்குத்தான் மனசு வராமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். அவரைக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

குனிந்து பார்த்துவிட்டு, "நல்லவேளை, நீங்க என் பேச்சைக் கேக்கல. அடுத்த பருவமும் இதை வச்சுப் பாக்கணும். நீங்களே பாத்துக்கோங்க" என்றார்.

எனக்குப் பெருமைதான். ஆனால் இன்னும் ஆறு மாதம் இங்கேயே இருக்க வேண்டும் அம்மா. குட்டியிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள்.

அவளுக்குச் செருப்பு வாங்கப்போகிறேன். காகிதத்தில் நிற்க வைத்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து அனுப்புங்கள். வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது, ஹாரன் அடிக்கிறார்கள். அளவுக்கு ஒரு கால் போதும். இருந்தாலும் இரண்டு காலையும் வரைந்துவிடுங்கள்.

உங்கள் மகள்