வலை கட்டி விறகு இறக்கியது

6 பிப்ரவரி 1996, செவ்வாய்

பெருங்கடவிளையிலிருந்து வந்த ரப்பர் மர விறகு காலையில் டெம்போவிலேயே கிடந்தது. இவர் இடுப்பைப் பார்த்து, வண்டி ஓட்டலாம், பாரம் மட்டும் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லி எட்டு நாள் ஆகிறது. இவர் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்திருக்கும். வண்டியின் பின்தட்டில் ஏறி ஒரு துண்டை இழுத்தவர் வளைந்தபடியே நின்றுவிட்டார். என் தோளைப் பிடித்து இறங்கும்போது, "வண்டிய எலியாவுக்குக் குடுத்துரலாம் பிரேமா. இனி என்னால ஒக்காது" என்றார்.

எலியா மார்த்தாண்டத்து வண்டி வியாபாரி. பதினெட்டாம் தேதி ஞாயிறு வருகிறானாம்.

பன்னிரண்டு வருடமாக அந்த வண்டியைத் தன் கையால் குளிப்பாட்டுகிற மனுஷன். வண்டி போய்விட்டால் நாள் முழுக்க அடுக்களையில் உட்கார்ந்து என் குழம்புக்கு உப்பு பார்ப்பார். இரண்டு பேருக்குமே பைத்தியம் பிடிக்கும். ஆள் வைத்து இறக்க எங்கள் விறகுக் கடைக்குக் கட்டாது. இந்த லோடை நானே இறக்கினேன். கையெல்லாம் சிராய்ப்பு.

விற்க விடமாட்டேன்.

7 பிப்ரவரி

மத்தியானம் திடீர் மழை. முற்றத்தில் காயப்போட்டிருந்த மரச்சீனிக் கிழங்கு வத்தலை வாரி எடுக்க நேரமில்லை. பாயோடு இழுத்து உள்ளே கொண்டுவந்தேன்.

பாயோடு! விறகுக்கு ஏன் முடியாது?

9 பிப்ரவரி

தட்டில் தார்ப்பாயை விரித்து, அதன்மேல் விறகு ஏற்றி வந்தோம். பாயின் பின்முனையைத் தென்னையில் கட்டிவிட்டு இவர் வண்டியை முன்னால் எடுத்தார். பாய் பாதிக்குக் கிழிந்து தென்னையோடு நின்றது. விறகு அசையவே இல்லை, வண்டியோடு போய்விட்டது. இவர் சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் அழுகைதான் வந்தது. மறுபடியும் நானே இறக்கினேன்.

10 பிப்ரவரி

பொழியூரிலிருந்து ரபேல் வந்தான். கரையில் நின்று கரைமடி வலை இழுக்கிறவன், மீன் வேக வைக்க எங்களிடம்தான் விறகு வாங்குவான். கிழிந்த தார்ப்பாயைப் பார்த்து ஒரே சிரிப்பு.

"சேச்சி, வலை மீனுக்க அடியில கெடந்தா மீன் வருமா? சுத்தி வளைக்கணும். முன்னால போய் வளைச்சுப் பின்னால இழுக்கணும், அதாக்கும் கணக்கு."

இவ்வளவுதானா! எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பழைய வலை ஒன்று தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

14 பிப்ரவரி, புதன்

இரவுச் சோறு வடிப்பதற்கு முன்னாலேயே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

வலையைத் தட்டில் விரித்து, கேபினுக்குப் பின்னால் மேலே ஏற்றி நிறுத்தி, அதன்மேல் விறகு ஏற்றி வந்தோம். வலையின் மேல்முனையில் கட்டிய இரண்டு வடமும் விறகுக்கு மேலே ஓடிப் பின்னால் தொங்கின. தென்னையில் கட்டப் போனேன். இவர் விடவில்லை.

"உனக்க கெட்டு நிக்காது. கெட்டை நான் பாத்துக்கிடுதேன். நீ வண்டியில ஏறு."

"நானா?" அதுவரை நான் வண்டி ஓட்டியதே இல்லை.

"பின்னே, ரபேலா?"

அந்த நேரம் பார்த்துக் கனகதாஸ் வந்தான், அமரவிளை ஜங்ஷனில் சுமை ஏற்றி இறக்குகிற சுமட்டுத் தொழிலாளிகளின் தலைவன். சரக்கு இறக்குவது எங்கள் வேலை என்று வழக்குக்கு வந்துவிட்டானோ? அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

இரண்டு தடவை வண்டி குலுங்கி அணைந்தது. "கிளச்சைப் பைய விடு! பைய!" மூன்றாவது தடவை நகர்ந்தது. பின்னால் இடி இடித்ததுபோல ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தால் மொத்த விறகும் முற்றத்தில் கிடக்கிறது! நிறுத்தச் சொல்லி இவர் கத்தினார். எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி வழி முடியும்வரை ஓட்டிக்கொண்டே போனேன்.

திரும்பி நடந்து வந்தபோது கனகதாஸ் வலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். "சொந்த முற்றத்துல சொந்த விறகு, நான் ஒண்ணும் கேக்கல்ல. சும்மா பாத்து நின்னதுக்கும் எங்களுக்கு நோக்குகூலி உண்டு அக்கா, ஆனா ஒரு சாயா போதும்" என்றான். பலகாரமும் சேர்த்துக் கொடுத்தேன்.

15 பிப்ரவரி

இன்னொரு லோடு. அணையவே இல்லை.

16 பிப்ரவரி

நாளை மறுநாள் ஞாயிறு. எலியாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். வாக்கு மாறாத மனுஷன் என்று ஊரே சொல்லும். அந்தப் பெயர் எனக்கு இப்போது பிடிக்கவில்லை.

18 பிப்ரவரி, ஞாயிறு

எலியா வந்தான். டயரைத் தட்டினான், குனிந்து அடியில் பார்த்தான். "ஒண்ணு ஓட்டிக் காட்டுங்க சுந்தரதாஸ் அண்ணே" என்றான். இவர் சாவியை என்னிடம் நீட்டினார். எலியா என்னையும் சாவியையும் மாறி மாறிப் பார்த்தான். நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினேன். வழிமுனை வரை போய், பின்னாலேயே எடுத்து முற்றத்துக்கு வந்தேன். பின்னால் எடுப்பது அதுதான் முதல் தடவை. வேலியில் இரண்டு குச்சி போயிற்று.

"வண்டி கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு" என்றான் எலியா. "எப்ப எடுத்துக்கிடலாம்?"

இவர் குனிந்து வேலிக்குச்சியை நிமிர்த்தி வைத்தார்.

"தப்பா நெனைக்காதே எலியா. வாக்கு சொன்னவன்தான். ஆனா உனக்குக் குடுத்தா இவ எதை ஓட்டுவா?"

நான் இறங்கவே இல்லை. ஸ்டியரிங்கில் முகத்தை வைத்துக்கொண்டு இருந்தேன்.

21 பிப்ரவரி, புதன்

நெய்யாற்றின்கரைக்கு இரண்டு பேரும் போனோம். எனக்கு லேர்னர்ஸ் லைசென்ஸ் எடுக்க மூன்று போட்டோ வேண்டுமாம். கல்யாணத்துக்குப் பிறகு நான் தனியாக உட்கார்ந்து எடுத்த முதல் போட்டோ. சிரிக்காதீர்கள் என்றார் போட்டோக்காரர். முடியவில்லை.