அய்யாதுரை போட்ட பட்டியல்

ஜூலை 20, ஞாயிறு

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போதும். வீட்டில் சொன்னால் சண்டை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

மகள் தீபிகாவின் மடிக்கணினி போன வாரம் செத்துவிட்டது. அனிமேஷன் கடைசி வருஷம். மிஷின் இல்லாமல் முடியாது. முழுதாக வாங்கக் கட்டுப்படியாகாது, பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளலாம் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல யோசனை. இதுவரை எனக்கு ஆட்சேபம் இல்லை.

எந்தப் பாகத்தோடு எது சேரும் என்று யாரைக் கேட்டாள்? என்னை இல்லை. சித்தப்பாவை.

அய்யாதுரை என் சகலை. மனைவி புஷ்பத்தின் தங்கை அன்புக்கரசியின் கணவர். உஸ்மான் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் பில்லிங் மிஷின்களைப் பார்த்துக்கொள்கிறார். பி.காம். இரண்டாம் வருஷத்தோடு நின்றவர். நான் எம்.எஸ்ஸி. எலெக்ட்ரானிக்ஸ். பதினான்கு வருஷம் பொறியியல் கல்லூரியில் இதே பாடத்தை நடத்தினேன். கல்லூரியை மூடிவிட்டார்கள், அடையாறு டியூஷன் சென்டரில் விடைத்தாள் திருத்துகிறேன் என்பதால் படித்தது மறந்தா போய்விடும்?

ஜூலை 23, புதன்

பட்டியல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. ப்ராசஸர், மதர்போர்டு, ரேம், பவர் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்., கேபினெட். ஒன்பது பேர் கைதட்டும் படம் போட்டிருக்கிறார்கள். புஷ்பம் இரண்டு போட்டிருக்கிறாள். அவள் எனக்குக் கடைசியாக என்ன போட்டாள் என்று தேடிப் பார்த்தேன். பிறந்தநாளுக்கு ஒரு கேக். போன வருஷம்.

ஜூலை 26, சனி

நானும் ஒரு பட்டியல் தயாரிக்கிறேன். அதே பட்ஜெட், அதைவிட வேகமான மிஷின். யாருக்கும் சொல்லவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

ரிச்சி தெருவுக்குப் போனேன். வேளச்சேரியில் ரயில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி நடை. மாடிக்கடை ஒன்றில் ஹபீபுர் ரஹ்மான் என்றொருவர், என் வயது இருக்கும். பட்டியலை நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

"எல்லாம் நல்ல சரக்கு சார். ஆனா இந்த ப்ராசஸர்ல டிஸ்ப்ளே வராது. கிராபிக்ஸ் கார்டும் நீங்க எழுதல. அப்பறம் மானிட்டர்ல இன்னாத்த பாப்பீங்க?"

சார் என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன்.

"அதான பாத்தேன். தியரி பக்காவா கீது."

அதோடு வந்திருக்கலாம். வரவில்லை. அதிலும் ஒரு ஓட்டை இருக்கும் என்று அய்யாதுரையின் பட்டியலைப் போனில் எடுத்துக் காட்டினேன். மேலிருந்து கீழாக இரண்டு முறை பார்த்தார். இதைப் போட்டவர் விஷயம் தெரிந்தவர், ஒன்றுக்கொன்று பொருத்தமாகப் போட்டிருக்கிறார் என்றார். திரும்பும்போது ரயிலில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

ஜூலை 30

என் பட்டியலைக் கிழித்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஆடியில் புதுப் பொருள் வாங்கக் கூடாது, ஆவணி ஒன்றாம் தேதிதான் மிஷினைப் பூட்ட வேண்டும் என்று புஷ்பம் முதலிலேயே சொல்லிவிட்டாள். பதினெட்டாம் பெருக்கு மட்டும் விலக்கு. அன்றைக்கு ஒரு பொருளாவது வாங்கினால் மீதி தடையில்லாமல் வருமாம். அக்காவும் தங்கையும் போனில் பேசி முடிவு செய்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் அய்யாதுரை வந்தார். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் காலையிலிருந்து நின்ற மனிதர், சட்டை முதுகெல்லாம் உப்பு. கையில் ரேம். தன் கடை மிஷின்களுக்கு வழக்கமாகப் பாகம் வாங்கும் வியாபாரியிடமே விலை குறைத்து வாங்கினாராம். தீபிகா ஓடிப்போய் வாங்கிக்கொண்டாள். புஷ்பம் அட்டையைப் பிரித்து, ஓரத்தில் மஞ்சள் வைத்து, சாமி படத்துக்கு முன் வைத்தாள். அவருக்குக் காப்பி டவராவில் வந்தது. எனக்கு அதே காப்பி எவர்சில்வர் டம்ளரில், ஆறிப்போய்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வீட்டில் யாரும் இல்லை. ரேமை எடுத்துப் பார்த்தேன். அதில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். மூன்று முறை படித்தேன்.

டிடிஆர் நான்கு, பழைய வகை. பட்டியலில் அவரே எழுதிய மதர்போர்டுக்கு வேண்டியது டிடிஆர் ஐந்து. இரண்டுக்கும் அடியில் உள்ள வெட்டு வெவ்வேறு இடம். அமுக்கினாலும் உட்காராது, உடைந்துதான் போகும். நல்ல நாள் தவறிவிடக் கூடாது என்ற அவசரத்தில் பட்டியலைப் பார்க்காமல், தன் பில்லிங் மிஷின்களுக்குப் போடும் வகையையே வாங்கி வந்திருக்கிறார். அட்டை பிரித்தாயிற்று, மஞ்சளும் வைத்தாயிற்று. கடையில் திருப்பி எடுக்க மாட்டான்.

பல நாளைக்கப்புறம் இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 6

யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்னும் ஏழு நாள். ஆவணி ஒன்றுக்கு இங்கே சாப்பாடு, அவர்கள் குடும்பத்தோடு வருகிறார்கள். அய்யாதுரை ஹாலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஸ்க்ரூடிரைவரைக் காதில் செருகிக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பூட்டுவார். ரேம் உட்காராது. திருப்பிப் பார்ப்பார். நெற்றி வேர்க்கும். நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். எல்லோரும் அவரைப் பார்த்து முடித்த பிறகு, மெதுவாக மடித்து வைத்துவிட்டு, "எங்கே, கொடுங்க" என்பேன்.

இதை எத்தனை முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். ஐம்பத்திரண்டு வயசில் வெட்கமாக இல்லையா? இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தீபிகாவைக் கோட்டூர்புரத்தில் ஒரு ஸ்டூடியோ முதல் சுற்றில் தேர்ந்தெடுத்திருக்கிறது. ஒரு நிமிஷப் படம் கொடுக்க வேண்டும், பதினெட்டாம் தேதி மாலை ஐந்துக்குள். கொடுத்தால் வேலை ஏறக்குறைய உறுதியாம். காட்சிகள் வெள்ளிக்குள் தயாராகிவிடும். எல்லாவற்றையும் கோத்துப் படமாக்க மிஷின் ஒரு நாள் முழுக்க ஓட வேண்டும். கல்லூரி லேப் வெள்ளியிலிருந்து தொடர்ந்து லீவு. ஞாயிறு மதியம் புது மிஷினில் ஆரம்பித்தால் திங்கள் மதியம் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை ரிச்சி தெரு மூடியிருக்கும்.

அன்றைக்கு ரேம் உட்காரவில்லை என்றால் நான் எழுந்து போய் என்ன செய்வேன்? பேப்பரை மடிப்பேன். அப்புறம்?

ஆகஸ்ட் 13, புதன்

சொல்லிவிட்டேன். காலையில், சாப்பிடும்போது, நல்லபடியாகத்தான் சொன்னேன். குரலைக்கூட உயர்த்தவில்லை.

புஷ்பம் கரண்டியை வைத்தாள். "அவரு என்ன செஞ்சாலும் உங்களுக்கு ஒரு குத்தம். இன்வெர்ட்டரு ஆறு மாசத்துல வெடிச்சிரும்னீங்க. ஆறு வருசமா ஓடுது. ஃப்ரிட்ஜுக்கு ஒண்ணு சொன்னீங்க, வாஷிங் மிஷினுக்கு ஒண்ணு சொன்னீங்க. பிள்ளைக்கு ஒரு நல்லது நடக்கப்போற நேரத்துலயுமா?"

சீட்டைக் காட்டினேன். தீபிகா அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"சித்தப்பா கடை வேலைய விட்டுட்டு எனக்காக அலையுறாருப்பா. நீங்க ஒரு தடவையாவது..." அதோடு நிறுத்திக்கொண்டாள். பிறகு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, "சரிப்பா, பாத்துக்கறேன்" என்றாள்.

அய்யாதுரைக்கே போன் செய்தேன். ஐந்து வருஷத்தில் முதல் முறை. என்னமோ ஏதோ என்று பதறிப்போய் எடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"ரேம் எல்லாம் ஒண்ணுதான் அண்ணாச்சி. நம்ம கடையில பதினெட்டு மிஷினு இதுலதான் ஓடுது. நீங்க டென்ஷன் ஆவாதீங்க."

மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. நான் பதினான்கு வருஷம் பாடம் நடத்தியவன்டா. எவன்கிட்ட சொல்ல? இன்வெர்ட்டர் விஷயத்தில் நான் சொன்னது பொறாமை. அது எனக்கே தெரியும். இது பொறாமை இல்லை. ஆனால் இரண்டும் ஒரே வாயிலிருந்து வருகிறதே, அவர்கள் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்கள்?

ஆகஸ்ட் 15, வெள்ளி, காலை

சென்டர் லீவு. புஷ்பமும் தீபிகாவும் காய் வாங்கப் போயிருக்கிறார்கள். அய்யாதுரை நாளைக் காலை ரிச்சி தெருவுக்குப் போய் மீதிப் பாகங்களை வாங்குகிறார். பெருக்கில் தொடங்கியாயிற்று, ஆடி கடைசி நாளில் வாங்கினாலும் பாதகமில்லை என்று புஷ்பம் சொல்லிவிட்டாள்.

கம்ப்யூட்டர் பூட்டுகிறவர்களின் முகநூல் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். பட்டியல் போட்ட நாட்களில் சேர்ந்தது. இன்று திறந்தால் முதலில் தீபிகாவின் பதிவு. நேற்று மாலை போட்டது. பட்டியலும் இருக்கிறது, ரேமின் படமும், மஞ்சளோடு. கீழே எழுதியிருக்கிறாள்: "இந்த ரேம் இந்த போர்டில் சேருமா? வீட்டில் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். யாரை நம்புவது என்று தெரியவில்லை."

அப்படியென்றால் நான் சொன்னது காதில் விழுந்திருக்கிறது.

ஏழு பதில். ஒருவன் வேறு ப்ராசஸர் வாங்கச் சொல்கிறான். ஒருவன் மஞ்சள் வைத்தால் வேகம் கூடுமா என்று கேட்கிறான், அதற்கு நாற்பது பேர் சிரித்திருக்கிறார்கள். கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

எழுதினேன். ரேம் சேராது என்று ஆரம்பித்து, ஏன் சேராது, அடிப்படை தெரியாதவர்கூட இந்தத் தப்பைச் செய்ய மாட்டார் என்று ஒரு பத்தி. படித்துப் பார்த்தேன். யார் எழுதியது என்று முதல் வரியிலேயே தெரிந்தது. அழித்தேன்.

மறுபடி: "ரேம் நல்ல ரேம்தான், மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் போர்டில் மட்டும் இது சேராது. அதே போர்டு டிடிஆர் நான்கு வகையிலும் வருகிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். மற்ற எல்லாம் அப்படியே பொருந்தும். பட்டியல் போட்டவர் நன்றாகப் போட்டிருக்கிறார்."

கடைசி வரியை எடுத்தேன். திரும்பப் போட்டேன். அந்த வரி இருந்தால்தான் சித்தப்பாவிடம் காட்டுவாள். அவரும் முகம் சுளிக்காமல் போர்டை மாற்றி வாங்குவார். 'ஆகையால்' என்று ஓரிடத்தில் இருந்ததையும் எடுத்தேன். இந்த வீட்டில் என்னைத் தவிர யாரும் அந்தச் சொல்லை எழுதுவதில்லை.

ஞாயிறு மதியம் திரையில் வெளிச்சம் வரும். எல்லோரும் அய்யாதுரையைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. வயிறு எரிகிறது, எரியத்தான் செய்யும்.

பெயரோடா, பெயரில்லாமலா என்று கேட்டு நிற்கிறது. என் பெயரைப் பார்த்தால், அந்த இரண்டு பேரில் ஒருவர் மறுபடி வந்துவிட்டார் என்றுதான் எடுத்துக்கொள்வாள்.

பெயரில்லாமல் போடுகிறேன்.