படகுக்கு வராத கரண்ட்

செவ்வாய், இரவு.

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

ஏரியில் பேட்டரி படகு ஓட்டும் என் மச்சான் பாபு, மாலையில் படகைக் கட்டியதும் சார்ஜருக்கு ஒயர் மாட்டிவிட்டுத்தான் வருகிறான். காலையில் பேட்டரி காலி. "ஒயர் மாட்டாம ஓடிடற. இந்த வாரத்தோட வேற ஆள் பாத்துக்கறேன்" என்கிறார் சூப்பர்வைசர் ஏகாம்பரம். முன்பு நாங்கள் வேலை பார்த்த சுரங்கத்தில் என் பதவி உயர்வைத் தடுத்த அதே ஏகாம்பரம்.

சல்லிசான வோல்டேஜ் சென்சார் ஒன்றை மெமரி கார்டோடு டிபன் டப்பாவில் அடைத்து, மூன்று நாளைக்கு முன் படகுச் சார்ஜர் பக்கத்தில் மாட்டினேன். கரையிலிருந்து வரும் கரண்ட்டை அது நிமிடத்துக்கு நிமிடம் குறித்துக்கொள்ளும். இன்று எடுத்துப் பார்த்தால், மூன்று நாளும் மாலை ஆறு மணிக்கு வோல்டேஜ் பூஜ்யம். காலை எட்டுக்குத்தான் திரும்புகிறது.

"ஆறு மணிக்கு இன்னா மாமா நடக்குது?" என்றான் பாபு.

"உங்க சூப்பர்வைசர் வூட்டுக்குப் போறாரு."

ஷிப்ட் முடிந்தால் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் போவது சுரங்கத்து வழக்கம். சுரங்கம் மூடி இத்தனை வருடமாகியும் அவர் கை அதை விடவில்லை. காலையில் முதலில் வந்து மெயினைப் போடுபவரும் அவரே. அதனால் பாபு மாலையில் கிளம்பும்போதும் காலையில் வரும்போதும் சார்ஜர் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்; இடையில் அணைந்தது தெரியாது.

"இன்ஜினியருங்க வந்து பாத்துட்டு புது பேட்டரி வாங்கச் சொன்னாங்க. நீ டிபன் டப்பாவுல புடிச்சிட்டியே மாமா" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. ஆனால் நாளெல்லாம் அந்தப் பேச்சுதான் காதில் இருக்கிறது.

படகுக் கமிட்டிக்குக் கடிதம் எழுதி, அளவுகளையும் இணைத்துவிட்டேன். கையெழுத்துப் போட ஆசைதான். என் பெயரைப் பார்த்தால் பழைய பகை என்று ஒதுக்கிவிடுவார்கள், பாபு வேலை போய்விடும். பெயரில்லாமலே நாளை தபாலில் சேர்க்கிறேன்.